முர்ஜோவின் கழுத்து நூல்

"கழுத்துப் பட்டையை ஆத்துல வீசியிருக்கான். அதுல கட்டியிருந்த நூலை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். ஏன்டா கிரோ?"

ஸ்டோய்னா அக்கா கேள்வி கேட்டால் பதில் தெரிந்துதான் கேட்பாள். முன்னாள் போக்குவரத்துப் போலீஸ். லைசென்ஸ் இல்லாதவனாகப் பார்த்து லைசென்ஸ் கேட்ட கை அது. இப்போது டோப்லி வீர் ஊரின் ஒரே துப்பறியும் நிபுணர். நான் அவளுடைய உதவியாளன். அதாவது, பழைய நீவா ஜீப்பைத் தள்ளிவிடுவது, கொறிக்கச் சூரியகாந்தி விதை வாங்கி வருவது, திட்டு வாங்குவது.

"நூல் விலை ஏறிப்போச்சோ என்னவோ," என்றேன்.

"உன் கையில கட்டியிருக்கியே, அதைக் கழட்டிக் குப்பையில போடு."

என் மணிக்கட்டைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய மார்த்தெனிட்சா. மார்ச் முதல் தேதி என் அம்மா கட்டிவிட்ட காப்பு நூல். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது. பார்த்துவிட்டால் கழற்றி, மனதில் ஒன்று வேண்டிக்கொண்டு, அந்தப் பூத்த கிளையில் கட்டிவிட வேண்டும்.

"விளையாடாதீங்கக்கா. இந்த வருஷம் எனக்கு ஏற்கெனவே எதுவும் சரியில்லை."

"பாத்தியா? திருடனுக்கும் இதே பயம்தான்."

அக்கா உமியைத் துப்பிவிட்டு ஜீப்பில் ஏறினாள். எனக்கு உறைத்தது: பட்டையில் கட்டியிருந்ததும் மார்த்தெனிட்சாதான், வீசப் பயந்தவன் அதைப் பூத்த மரத்தில்தான் கட்டியிருப்பான். ஆற்றுப் பாலத்தடியில் மீன் பிடிப்பவர்கள் கண்டெடுத்த பச்சைப் பட்டை முர்ஜோவினுடையது. முர்ஜோ ஒரு கறுப்பு நாய். காதில் மஞ்சள் வில்லை, வாலில் பாதி இல்லை. நகராட்சிக் காப்பகத்து நாயை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை யாராவது தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் திட்டம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. பேருந்து ஓட்டும் வெலிச்கா அப்படித்தான் முர்ஜோவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் எங்கள் கால்பந்து அணியையும் வெளியூர் ஆட்டங்களுக்கு ஓட்டிப் போவாள். முர்ஜோவும் கூடப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அணி தோற்கவில்லை. அதற்கு முன்னால் அது எப்போது ஜெயித்தது என்று கேட்காதீர்கள், நாங்கள் மானமுள்ளவர்கள்.

அந்த முர்ஜோ போன வாரம் வெலிச்கா வீட்டு முற்றத்திலிருந்து மறைந்துபோனது. ஒரு குரைப்புச் சத்தம் கூட யாருக்கும் கேட்கவில்லை. ஜெர்மனியில் ஒரு குடும்பம் அதைத் தத்தெடுக்கக் காத்திருந்தது. காப்பகத்து நாய்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் சனிக்கிழமை கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை வ்ரானோவா அணியுடன் மாவட்டக் கோப்பைக்கான ஆட்டம். நடுவில் ஆற்றில் பட்டை கிடைத்ததும் ஊர் முடிவு கட்டிவிட்டது. வெலிச்காதான் நாயைப் பேருந்தில் அடித்து ஆற்றில் போட்டுவிட்டாளாம். எங்கள் வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் கேட்டது: 'முர்ஜோ எங்கே? வளர்த்தவர் பதில் சொல்வாரா?'

அவள் பேருந்தில் ஏறுவதை நிறுத்திவிட்டு நடந்து போகிறவர்களை நானே பார்த்தேன். இன்று மதியம் நகர்மன்றம் கூடுகிறது. வீட்டில் நாய் வளர்க்கும் திட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று ஓட்டு. நிறுத்தினால் காப்பகத்துக் கூண்டில் இருப்பவை கூண்டிலேயே இருக்கும். வெலிச்கா காலம் முழுக்க நாயைக் கொன்றவளாக இருப்பாள். நேற்று அக்காவின் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அழவில்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் யாரையும் நம்புவதில்லை. எங்களிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்களை முதலில் நம்புவதில்லை.

ஊரில் பூத்திருந்தது ஒரே ஒரு மரம். வெந்நீர்க் குளியலகத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கும் காட்டுப் பிளம். குழாய்ச் சூட்டில் அது மட்டும் எல்லா மரத்துக்கும் முந்திக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமைதான் பூத்தது. அதற்குள் நாரைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத பாதி ஊர் வந்து நூலைக் கட்டிவிட்டுப் போயிருந்தது. பூவை விட நூல்தான் அதிகம்.

"இதுல எப்படிக்கா தேடறது? மரமா இது, கம்பளிக் கடையா?"

"முர்ஜோவோடது கையால பின்னினது. அணியோட பழைய மப்ளரைப் பிரிச்சு வெலிச்கா பின்னியிருக்கா. சிவப்பு வெளிறி செங்கல் நிறம். நடுவுல கண்ணேறு படாம ஒரு நீல மணி. ஒரு பக்கம் நாய் கடிச்சுக் குட்டையா இருக்கும்."

நான்தான் கண்டுபிடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் தலையில் இடித்தது. சற்று உயரமான கிளை. செங்கல் நிறக் கம்பளி, நீல மணி, மடிப்பில் இரண்டு கறுப்பு முடி. கழற்றக் கையை நீட்டினேன். அக்கா என் கையில் ஓர் அடி வைத்தாள்.

"தொடாதே. எப்படிக் கட்டியிருக்குன்னு பாரு."

பார்த்தேன். கம்பளி கடிபட்டுக் குட்டையாகிவிட்டதால் கிளையைச் சுற்ற எட்டவில்லை. அதனால் கட்டியவன் இன்னொரு மார்த்தெனிட்சாவால் இதையும் சேர்த்து இறுக்கியிருந்தான். அந்த இரண்டாவது, கால்பந்து ஷூவின் கயிறு. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, முறுக்கிப் பின்னியது.

"தன்னோடதைக் கட்ட வந்தவன், நாயோடதையும் அதே முடிச்சுல கட்டிட்டுப் போயிருக்கான்," என்றாள் அக்கா. "ரெண்டு வேலைக்கு ரெண்டு தடவை வர சோம்பேறித்தனம்."

"பூக்கிற வரைக்கும் நாலஞ்சு நாள் பாக்கெட்லயே வெச்சிருந்திருக்கான். பக்திமானா இருக்கானேக்கா."

"பக்தி இல்லடா, பயம். இந்தக் கயிறு யாரோடதோ அவன்தான் நம்ம ஆள்."

அக்கா செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். குளியலகத்துக்கு எதிரே ஒரு கெபாப்சே கடை இருக்கிறது. அரைத்த இறைச்சியை விரல் நீளத்துக்கு உருட்டி நெருப்பில் சுட்டுத் தருவார்கள். எனக்கு யோசனை ஓட வேண்டுமானால் அது உள்ளே போக வேண்டும்.

"இல்லப்பா, அடுத்த ஈடு ஆகணும்," என்றாள் கடைக்காரி. "பேப்பர் ஆபீஸுக்கு இப்பதான் மொத்தமா போச்சு. தினமும் வாங்கறாங்க. அதுவும் வெங்காயம் கூடாது, சீரகம் கூடாது, உப்புகூடக் கூடாதாம். அதுக்கு எதுக்கு கெபாப்சே? செருப்பைக் கடிச்சுட்டுப் போகலாம்."

"அவங்க எழுதறதுலயும் உப்பு இருக்காதே, அதனால பழகியிருக்கும்," என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு ஜீப்பைத் தள்ளினேன்.

முதலில் வ்ரானோவா. மேட்டுக் கிராமம். அங்கே அணித்தலைவன் ஜெகோ. ஆள் கசாப்புக்காரன், தோள் இரண்டும் கதவு அகலம். போன ஆட்டத்தில் முர்ஜோவைப் பார்த்து, "அடுத்த தடவை இதைச் சூப்பு வெச்சுக் குடிப்போம்" என்று கத்தியதை ஊரே கேட்டது. என் கணக்கில் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஜெகோ கடை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். நான் ஜீப்பின் அந்தப் பக்கமாகவே இறங்கினேன்.

"நாயா? நானா?" என்று சிரித்தான். "மேடம், கொஞ்சம் யோசிங்க. அந்தப் பாதி வால் நாய் இல்லாம நாங்க ஜெயிச்சா உங்க ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க? 'நாய் இல்ல, அதான் தோத்தோம்'னு பேரன் காலம் வரைக்கும் சொல்லுவாங்க. எனக்கு அந்த நாய் மைதானத்துல வேணும். நடு வரிசையில உக்காந்து பாக்கணும். அதுக்கு முன்னாடிதான் உங்களை அடிக்கணும்."

எதிராளி இவ்வளவு நியாயமாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். "உங்க கை வெறுமையா இருக்கே. நூலை எங்க கட்டினீங்க?" என்றேன், ஜீப்புக்குப் பின்னாலிருந்தே.

"கட்டறதா? தம்பி, மரத்துல கட்டறதெல்லாம் உங்க கீழூர்ப் பழக்கம். நாங்க கல்லுக்கு அடியில வைப்போம். வா."

கொல்லைக்குக் கூட்டிப் போய் ஒரு கல்லைக் காட்டினான். நான் புரட்டினேன். அடியில் ஜெகோவின் நூல் ஈரமாய்க் கிடந்தது, கடையில் விற்கும் சாதா நூல். அதைச் சுற்றி எறும்பு. எறும்பு வந்தால் ஆடு பெருகும் என்பது அவர்கள் கணக்கு. கசாப்புக்காரன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. கிராமத்தில் இருந்த ஒன்றிரண்டு பிளம் மரங்களிலும் ஒரு நூல்கூட இல்லை.

"ஒண்ணு சொல்லவா?" என்றான் கிளம்பும்போது. "வெலிச்காவைப் போய்ச் சந்தேகப்படறாங்களே. மலை ரோட்டுல ஒரு முள்ளெலி குறுக்க வந்தாக்கூட பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி நிக்கிறவ அவ. உங்க ஊருக்கு வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா ஜீப்பை இறக்கத்தில் உருட்டினாள்.

மைதானத்தில் அணி பயிற்சியில் இருந்தது. பயிற்சியாளர் பெஞ்சோ விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிறவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஃபவுல் விழும்.

அக்கா படத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு விசிலை எடுத்தார்.

"நான் செஞ்சதுதான். மிச்சமிருந்த ஷூ கயிறு. பசங்க எல்லாருக்கும் கட்டினேன். ஆனா இது மரத்துல எப்படி வந்துச்சு? ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடியற வரைக்கும் எவனும் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே! எந்தப் பய கழட்டினான்?"

விசில் ஊதினார். ஓடி வந்து வரிசையாக நின்றார்கள்.

"கையை நீட்டுங்கடா!"

நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனேன். வியர்வையும் சேறுமாய், எல்லாக் கையிலும் கயிறு இருந்தது. கோல் கீப்பர் கையுறையைக் கழற்றிக் காட்டினான், அங்கும் இருந்தது. பெஞ்சோவும் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

"வேற யாருக்காவது கொடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

"வேற யாரு... ம், பஸ் ஓட்டுது இல்ல, நம்ம வெலிச்கா. அதுக்கு ஒண்ணு கொடுத்தேன். அணியில ஒரு ஆள்தானே அதுவும்."

அக்கா விதையை மெல்வதை நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளும் அதையே நினைக்கிறாள் என்று தெரிந்துவிடும். நாயைப் பிரிய மனமில்லாமல், வேன் போகும்வரை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, ஊர் கண்ணில் மண் தூவ எங்களையே அமர்த்தியிருக்கிறாள். குரைக்காத நாய்! வளர்த்தவளைப் பார்த்து எந்த நாய் குரைக்கும்? நேற்று அழாத கண்ணுக்கும் அர்த்தம் கிடைத்துவிட்டது.

"சொன்னேன்ல அக்கா, கட்சிக்காரங்களை முதல்ல..."

"வாயை மூடிட்டு ஜீப்பைத் தள்ளு."

பேருந்து நிலையத்தில் வெலிச்கா தன் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பும் நேரம். உள்ளே ஒரு ஜீவன் இல்லை. நிழற்குடையில் நின்ற இரண்டு பெண்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள், அவளுக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டு.

அக்கா எதிரில் போய் நின்றாள். "கையைக் காட்டு, வெலிச்கா."

"என்ன?"

"சட்டைக் கையை மேல தூக்கு."

வெலிச்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அடி விழும் என்று தெரிந்த இடத்திலிருந்து விழுந்தால் தாங்கலாம்.

"நீயுமா ஸ்டோய்னா?"

"கேக்கறது என் வேலை. காட்டறது உன் வேலை."

அவள் நீலச் சீருடையின் கையை முழங்கைவரை இழுத்துவிட்டாள். மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் ஷூ கயிறு, முடிச்சு அவிழாமல் இருந்தது.

"முர்ஜோவுக்குக் கட்டின அன்னைக்குத்தான் நானும் கட்டிக்கிட்டேன்," என்றாள். "மரம் பூத்தா ரெண்டையும் ஒண்ணா கட்டணும்னு இருந்தேன். அது இல்லாம நான் மட்டும் போய் எதைக் கட்டறது? போதுமா? இன்னும் எதையாவது காட்டணுமா?"

இப்போதுதான் அழுதாள். நிழற்குடைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சந்தேகப் புத்தியை அப்படியே பிடுங்கி அந்தப் பேருந்துச் சக்கரத்தில் போட்டால் தேவலாம் போலிருந்தது.

அக்கா மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. ஆனால் படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் விதைப் பொட்டலத்தை நீட்டினாள். அக்கா பொட்டலத்தை நீட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. செல்போன் படத்தையும் காட்டினாள். நீல மணியைப் பார்த்ததும் வெலிச்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கயிறு பெஞ்சோவோடது. பசங்க கையில எல்லாம் இருக்கு. உன்கிட்ட இருக்கு. வேற யாருக்குப் போச்சு? நல்லா யோசி."

வெலிச்கா கண்ணைத் துடைத்தாள். யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அணியோட குரூப் போட்டோ எடுக்க வந்தார். பசங்க எல்லாம் கட்டியிருக்காங்க, எனக்கு மட்டும் இல்லையான்னு குழந்தை மாதிரி கேட்டார். பெஞ்சோ யாருக்குன்னு கேக்காமலே ஒண்ணு எடுத்து என்கிட்டக் குடுத்தார். நான்தான் என் கையால அவருக்குக் கட்டிவிட்டேன்."

"யாருக்கு?"

"ஷிஷ்கோவ் அண்ணனுக்கு."

எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஷிஷ்கோவ். விளையாட்டுப் பக்கமும் அவரே எழுதுவார். வாரா வாரம் காப்பகத்து நாய் ஒன்றின் படம் போட்டு, 'வீடு தேடும் வால்' என்று எழுதுவதும் அவர்தான். முர்ஜோவைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் வெலிச்கா காப்பகத்துக்கே போனாள். பட்டை கிடைத்த அன்று அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்து ஆறுதல் சொன்னவர். மறுநாள் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியைப் போட்டவர்.

எனக்கு வயிறு கூவியது. கூவியதும் வேறொன்று நினைவுக்கு வந்தது.

"அக்கா, பேப்பர் ஆபீஸுக்குத் தினமும் கெபாப்சே போகுது. வெங்காயம் இல்லாம, உப்பில்லாம."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை ஏன்டா காலையிலேயே சொல்லல?"

"பசியில மறந்துட்டேன்."

"போய் ஒரு பொட்டலம் வாங்கு. சூடா. அவர் சொன்ன பக்குவத்துலயே."

பத்திரிகை அலுவலகம் நகர்மன்றத்துக்குப் பக்கத்துக் கட்டடம். ஷிஷ்கோவ் மேஜைக்குப் பின்னால் இருந்தார். சுவரில் அணியின் பழைய படங்கள், எல்லாம் தோற்ற ஆட்டங்கள். அவருடைய மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"வாங்க ஸ்டோய்னா, ஏதாவது துப்பு கிடைச்சுதா? பாவம் வெலிச்கா..." என்று ஆரம்பித்தவர், எங்களுக்குப் பின்னால் வெலிச்காவே வருவதைப் பார்த்து நிறுத்தினார்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஆவி பறந்தது. "சாப்பிடுங்க."

"நோன்பு காலம். நான் ஈஸ்டர் வரைக்கும் கறி தொடறதில்லையே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? போன இதழ்ல அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீங்களே, நோன்பு இருந்தா உடம்புக்கு என்னென்ன நல்லதுன்னு. ஆபீஸ்ல நீங்க ஒரே ஆள். அப்ப தினமும் எதிர்க் கடையில வாங்கினதை யார் சாப்பிட்டா?"

ஷிஷ்கோவ் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வேண்டிய பதிலை வேறு யாரோ சொன்னார்கள். அந்தக் காலத்தில் படம் கழுவிய இருட்டறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பிராண்டல் சத்தம். பிறகு ஒரு முனகல். கெபாப்சே வாசனை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"முர்ஜோ?" என்றாள் வெலிச்கா.

கதவுக்கு அந்தப் பக்கம் பூகம்பம். நான் தாழ்ப்பாளை இழுத்தேன். கறுப்பாய் ஒன்று என்னைத் தள்ளிவிட்டு, பொட்டலத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், நேராக அவள் மேல் பாய்ந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதி வால் ஆடுகிறதா உடம்பே ஆடுகிறதா என்று தெரியவில்லை. எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அவித்த பீன்ஸ் முகத்தோடு நிற்கிற ஷிஷ்கோவைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்," என்றார் அவர். "சனிக்கிழமை வேன் கிளம்பிடும். ரெண்டு நாள் தள்ளிப் போங்கன்னு வெலிச்கா கேட்டுப் பாத்தா, ஒரு நாய்க்காக வேனை நிறுத்த மாட்டோம்னுட்டாங்க. அது இல்லாம ஞாயித்துக்கிழமை... நான் எத்தனை வருஷமா தோத்த கதையை எழுதறேன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஒரு தடவை, சாம்பியன்னு தலைப்புப் போடணும். ஞாயித்துக்கிழமை காலையில நானே கண்டுபிடிச்ச மாதிரி மைதானத்துக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். எல்லாருக்கும் சந்தோஷம்."

"பட்டை?"

"அதுல சலங்கை இருக்கு, சத்தம் வெளியே கேக்கும். அதான் ஆத்துல..."

"நூலை மட்டும் ஏன் வீசலை?"

"அதை எப்படிங்க வீசறது!" என்றார், நிஜமாகவே அதிர்ந்து. திருடியவருக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்.

வெலிச்கா தரையிலிருந்தபடியே கேட்டாள். "என் பேரை ஏன் போட்டீங்க, அண்ணே?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊர் உன்னைச் சந்தேகப்பட்டா வேற எங்கயும் தேடாது," என்றாள் அக்கா. "அப்படித்தானே?"

ஷிஷ்கோவ் தலையைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினார். எங்கள் ஊரில் அது ஆமாம். "ஞாயித்துக்கிழமை எல்லாம் சரியாப் போயிடும்னு நெனச்சேன். ஓட்டெடுப்பு வரும்னு நெனைக்கலை. அடுத்த இதழ்ல பெருசா மறுப்பு போட்டுடறேன் வெலிச்கா. முதல் பக்கத்துலயே."

"அடுத்த இதழ் வர்றதுக்குள்ள ஓட்டு முடிஞ்சிரும். பக்கத்துக் கட்டடம்தானே, எந்திரிங்க," என்றாள் அக்கா. "எழுதின வாயாலேயே சொல்லுங்க."

நகர்மன்றத்தில் நாயை உள்ளே விடக் கூடாது என்று வாயிற்காவலர் சொன்னார். வெலிச்கா அவரைப் பார்த்த பார்வையில் அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டெடுப்புக்குக் கை தூக்கப்போன நேரம். முர்ஜோ நடுக்கூடத்தில் போய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. தூக்கிய கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டன. ஷிஷ்கோவ் எழுந்து சொன்னார். முதலில் சுற்றி வளைத்தார். அக்கா தொண்டையைக் கனைத்ததும் நேராக வந்தார். நாயை எடுத்தது நான், பழியை அவள் மேல் போட்டது நான், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மூன்றையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வைத்த பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள். திட்டத்தை நிறுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். நேற்றுவரை வெலிச்காவைப் பார்த்து வேறு பக்கம் திரும்பியவர்கள், நாய்க்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் விசாரித்தார்கள். உப்பில்லாத கெபாப்சே என்றேன்.

வெளியே வந்ததும் வெலிச்கா குளியலகத்தை நோக்கி நடந்தாள். முர்ஜோ அவள் முழங்காலை உரசிக்கொண்டே போனது. நாங்களும் போனோம். தொங்கிய தலையோடு ஷிஷ்கோவும் பின்னால் வந்தார்.

"சனிக்கிழமை அனுப்பிடுவியா?" என்றாள் அக்கா.

"அனுப்பத்தான் வேணும். அங்க தோட்டம் இருக்காம், ரெண்டு குழந்தைங்க இருக்காங்களாம். பேரு கெட்டவளா அனுப்பக் கூடாதுன்னுதான் உன்கிட்ட வந்தேன். அப்புறம் கூண்டுல அடுத்தது ஒண்ணு காத்திருக்கும் இல்ல?" என்றாள் வெலிச்கா. குரல் ஒரு இடத்தில் உடைந்தது, நடை உடையவில்லை.

மரத்தடியில் நின்று அந்தக் கிளையை வளைத்தாள். ஷூ கயிற்றின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். முர்ஜோவின் நூல் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"கட்டும்போது என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று நான் ஷிஷ்கோவைக் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னோடதுக்கு, நம்ம பசங்க ஜெயிக்கணும்னு."

"நாயோடதுக்கு?"

"யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு," என்றார் தரையைப் பார்த்து.

வெலிச்கா தன் மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றினாள். முர்ஜோவின் நூலைக் கிளையோடு சேர்த்து வைத்து, தன் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்கும் எப்போதாவது புத்தி வரும்.

பிறகு அவிழ்த்தெடுத்த பழைய கயிற்றை ஷிஷ்கோவின் கையில் வைத்தாள்.

"உங்களோடதுக்கு வேற மரம் பாத்துக்குங்க அண்ணே."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஒரு பார்வை பார்த்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை எல்லா மரமும் மொட்டையாகத்தான் நின்றது.